வெள்ளை இலைச் செடி: மாசிபத்திரியா, மரிக்கொழுந்தா, டஸ்டி மில்லரா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் தொட்டிச் செடி வாங்கியிருக்கிறீர்கள். இலை இரண்டு பக்கமும் சாம்பல் வெளுப்பு, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டது, கசக்கினால் சொல்லிக்கொள்ளும்படி வாசம் இல்லை. விற்றவர் மாசிபத்திரி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா மரிக்கொழுந்து வகை என்கிறார். மகள் கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்து ஆர்ட்டிமீசியா என்கிறாள். வயிற்றுப் பூச்சிக்குக் கஷாயம் வைக்கலாமா, சுவாமிக்கு வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

சுவாமிக்குத் தாராளமாக வையுங்கள். கஷாயம் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொன்ன குறிகளை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் டஸ்டி மில்லர். தாவரப் பெயர் ஜாகோபியா மாரிட்டிமா. பழைய புத்தகங்களில் செனசியோ சினரேரியா என்றும் சினரேரியா மாரிட்டிமா என்றும் இருக்கும். மத்தியதரைக் கடலோரத்துச் செடி. ஊட்டியிலும் பெங்களூரிலும் பூங்காப் பாத்திகளின் ஓரத்தில் வெள்ளைக் கரை கட்டுவதற்கு வைப்பார்கள்; கல்யாணப் பூங்கொத்துகளில் ரோஜாவுக்கு நடுவே வெள்ளையாகத் தலைகாட்டும் இலையும் பல நேரம் இதுதான். பார்ப்பதற்கு நல்ல செடி. ஆனால் அதன் இலையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வகை நச்சு உண்டு. அது கல்லீரலைக் கெடுக்கும்.

இந்த நச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது அவசியம். குடித்த அன்றே வாந்தி மயக்கம் வந்தால் யாரும் இரண்டாம் முறை குடிக்க மாட்டார்கள். இதில் அப்படி எச்சரிக்கை எதுவும் வராமல் போகலாம். கல்லீரலுக்குள் இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு, வாரங்கள் கழித்து வயிற்றில் நீர் கோத்துக்கொண்டுதான் நோய் வெளியே தெரியும். காயவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. கஷாயம் என்பதே அதை நீரில் இறக்கும் வழி. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1970-களின் நடுவில், அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா மாவட்டத்தில், சாமைத் தானியத்தோடு கிலுகிலுப்பை இனத்துச் செடி ஒன்றின் விதை கலந்துவிட்டது. அதைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் பலர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். அந்த விதையில் இருந்ததும் இதே வகை ஆல்கலாய்டுதான். தரிசில் முளைக்கும் தேள்கொடுக்குச் செடியிலும் இது உண்டு. ஆக, இது வெளிநாட்டுச் செடிக்கு மட்டும் உரிய வில்லங்கம் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹோமியோபதி கடைகளில் சினரேரியா மாரிட்டிமா என்ற பெயரில் கண் சொட்டு மருந்து விற்கிறார்கள்; கண்புரைக்கு என்று வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் இந்தச் செடியின் பெயர்தான். அதைக் கேள்விப்பட்டு இலையைப் பிழிந்து கண்ணில் விடலாமா என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. தோட்டத்து இலைச்சாறு கண்ணில் போனால் புண்ணும் கிருமித் தொற்றும் வரலாம். முற்றிய கண்புரைக்கு இன்று வரை வழி அறுவைச் சிகிச்சை ஒன்றுதான்.

இனி அடையாளம் காண்பதற்கு வருவோம். வெளுப்பை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. இலைப் பச்சைக்கு மேலே சுணை நெருக்கமாகப் படர்ந்தால் நம் கண்ணுக்கு அது வெள்ளையாகத் தெரியும். சுணைக்கு நடுவே காற்று நிற்பதால் வெளிச்சம் சிதறித் திரும்புகிறது. இலை சூடேறுவது குறைகிறது, இலைத் துளை வழியே நீர் ஆவியாவதும் குறைகிறது. வெயிலும் வறட்சியும் உப்புக்காற்றும் உள்ள ஊர்களில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத செடிகள் தனித்தனியே இந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சூரியகாந்திக் குடும்பத்தில் உண்டு, துளசிக் குடும்பத்தில் உண்டு, கீரைக் குடும்பத்தில் உண்டு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ, அதாவது சிறுபீளை, கீரைக் குடும்பம்தான். அதனால் ‘வெள்ளை இலை, எனவே மூலிகை’ என்பதும் ‘வெள்ளை இலை, எனவே அழகுச் செடி’ என்பதும் ஒரே அளவுக்குத் தவறு.

வெளுப்பு சுணையால் வந்ததா என்பதை ஒரு சொட்டுத் தண்ணீரில் பார்க்கலாம். இலையில் தண்ணீரைத் தடவினால் சுணை படிந்து, அந்த இடம் பச்சையாகத் தெரியும். காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். மழைக்காலத்தில் ‘என் செடி நிறம் மாறிவிட்டது’ என்று பதறுகிறவர்களுக்கும் இதுதான் பதில். முட்டைக்கோஸ் இலையில் இருப்பது மெழுகுப் பூச்சு; அதில் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருளும், விரலால் தேய்த்தால் அழியும். பூசணி இலையில் திட்டுத் திட்டாக வரும் வெள்ளை மாவு சாம்பல் நோய், அது பூஞ்சை. நோய் பிடித்த சீனியா நாற்றைப் புது ரக வெள்ளிச் செடி என்று விற்றதையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

அடுத்தது மூக்கு. இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி உடனே முகர்ந்தால் வருவது எல்லாச் செடிக்கும் பொதுவான பச்சை வாடை. பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி முகருங்கள். அப்போது வருவதுதான் செடியின் சொந்த வாசம். கொழுந்திலும் மொட்டுக் கிளையிலும் எடுத்தால் தெளிவாக இருக்கும். குளிர்ந்த காலையில் எண்ணெய் அதிகம் எழும்பாது, வெயில் ஏறியபின் பாருங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கையைக் கழுவுங்கள். மரிக்கொழுந்தைத் தொட்ட விரலில் எந்த இலையும் மரிக்கொழுந்தாகத்தான் மணக்கும். நாக்கில் வைத்துக் கசப்புப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கசப்பு நல்லதிலும் உண்டு, கெட்டதிலும் உண்டு. கைப்பேசிச் செயலி தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். அதற்குப் படம் மட்டுமே கிடைக்கிறது. மேலாகப் பார்த்தால் டஸ்டி மில்லரும் ஆர்ட்டிமீசியா வகைகள் சிலவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூக்குக்குப் பிறகு விரல். தண்டை விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். நான்கு பட்டை தெரிந்து, இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருந்தால் அநேகமாகத் துளசிக் குடும்பம்: லாவெண்டர், சேஜ், மரு, பேய்மிரட்டி எல்லாம் அங்கே வரும். தண்டு உருண்டு, இலை ஒன்று மாற்றி ஒன்றாக இருந்தால் அந்தக் குடும்பம் இல்லை; ஆர்ட்டிமீசியாக்களும் டஸ்டி மில்லரும் இந்தப் பக்கம். பூ வராத செடியில் இவ்வளவு நம்பகமான குறி வேறு இல்லை. ஐந்து நொடி வேலை, ஆனால் செடி வாங்குகிறவர்களில் பாதிப்பேர்கூடச் செய்வதில்லை.

இப்போது உங்கள் வீட்டு வழக்கு. மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாசிபத்திரி, சில ஊர்களில் மாசிப்பச்சை, ஆர்ட்டிமீசியா நீலகிரிக்கா. பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. மலைச்சரிவிலும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் ஆள் உயரத்துக்குத் தானாக வளரும். இதற்கு உள்ள அடையாளம் மிக எளிது: இலையின் மேற்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளை. காற்று அடிக்கும்போது புதர் முழுவதும் பச்சையும் வெள்ளையும் மாறி மாறித் தெரியும். இலை சாமந்தி இலையின் வெட்டு. கசக்கினால் கற்பூரமும் கசப்பும் கலந்த காட்டமான வாசம் கையை விட்டுப் போகாது. உங்கள் செடி இரண்டு பக்கமும் வெளுப்பு, வாசமும் இல்லை என்கிறீர்கள். இரண்டு குறியிலும் தோற்றுவிட்டது. விற்றவர் வேண்டுமென்று ஏமாற்றியிருக்கத் தேவையில்லை. நர்சரிகளில் நாற்று வரும்போது பெயர்ச்சீட்டு வருவதில்லை, வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

மரிக்கொழுந்து, ஆர்ட்டிமீசியா பாலென்ஸ். தவனம் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அம்மா சொன்னதில் பாதி சரி: சாம்பல் பூத்த, பொடியாக வெட்டுப்பட்ட இலை இதற்கு உண்டு. ஆனால் இதன் இலை நூல் நூலாகப் பிரிந்து மெல்லியதாக இருக்கும்; டஸ்டி மில்லரின் இலை கம்பளித் துணியில் வெட்டியதுபோல் தடிமனாக, மழுங்கிய நுனியோடு இருக்கும். மரிக்கொழுந்து முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஒரு பருவத்துச் செடி. நவம்பரில் விதைத்தால் மாசி, பங்குனி வாக்கில் குட்டிக் குட்டி மஞ்சள் மொட்டுப் பூக்களோடு வாசம் உச்சத்தில் இருக்கும். எண்ணெய் வடிக்கிறவர்கள் அந்தச் சமயம் பார்த்துத்தான் அறுப்பார்கள். அந்த எண்ணெயில் உள்ள டேவனோன் என்ற பொருளுக்காக உலக வாசனைத் திரவியச் சந்தையில் இதற்கு மதிப்பு. விளைவதோ பெரும்பாலும் தென்னிந்தியாவில்தான். உங்கள் செடி ஒரு வருஷத்தைத் தாண்டி, அடித்தண்டு கட்டையாகியிருந்தால் மரிக்கொழுந்து இல்லை என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பூக்கடையில் மரிக்கொழுந்துக்குப் பக்கத்திலேயே மரு இருக்கும். கதம்பத்தில் இரண்டும் சேருவதால் பெயர் இடம் மாறிவிடுகிறது. மரு என்பது ஓரிகானம் மஜோரானா. துளசிக் குடும்பம், நான்கு பட்டைத் தண்டு, வெட்டே இல்லாத சிறு முட்டை வடிவ இலை, எதிரெதிர் அடுக்கு. மேலை நாட்டுச் சமையலில் மார்ஜோரம் என்று தூவுவது இதே செடிதான். இதை எந்தப் பயமும் இல்லாமல் சமைக்கலாம். பூச்சந்தைக் கட்டில் மருந்து தெளித்திருப்பார்கள் என்பதால் அதை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஒரு குச்சியை ஊன்றி வேர்விட வைத்து வளர்த்துக்கொள்ளலாம்.

மகள் சொன்ன ஆர்ட்டிமீசியா என்பது ஒரு செடியின் பெயர் இல்லை. நூற்றுக்கணக்கான இனங்கள் அடங்கிய பேரினம். மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் அதில் உண்டு. மலேரியாவுக்கு மருந்து கொடுத்து, து யூயூ என்ற சீன விஞ்ஞானிக்கு 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த ஆர்ட்டிமீசியா ஆன்னுவாவும் அதில்தான், ஆனால் அது வெள்ளையே இல்லை, நல்ல பச்சை. இரண்டு பக்கமும் வெளுத்த ஆர்ட்டிமீசியா என்றால் ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம், ஆங்கிலத்தில் வார்ம்வுட், காஷ்மீரில் தானாக விளைவது. பட்டுப்போன்ற வெளுப்பு, கடும் கசப்பு, கடும் வாசம். அப்சிந்த் என்ற மதுவுக்குப் பெயர் கொடுத்தது. அதிலுள்ள துஜோனால் புத்தி பேதலிக்கிறது என்று பழி சுமத்தி 1910-இல் சுவிட்சர்லாந்தும் 1915-இல் பிரான்ஸும் அந்த மதுவைத் தடை செய்தன. அந்தக் குடிகாரர்களைக் கெடுத்தது பெரும்பாலும் சாராயம்தான் என்பது பின்னாளில் தெளிந்தது. ஆனாலும் துஜோன் அளவு மீறினால் வலிப்பு வரும் என்பது உண்மை. மாசிபத்திரி எண்ணெயிலும் துஜோன் உண்டு. எனவே உண்மையான மாசிபத்திரியே கையில் இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் வீட்டு அளவில் கஷாயம் போட்டுக் கொடுக்க வேண்டாம். சித்த மருத்துவரைக் கேட்டுத்தான்.

வாசம் இல்லை என்றாலே டஸ்டி மில்லர்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஜப்பான், கம்சாட்கா கடற்கரை மணலில் விளையும் ஆர்ட்டிமீசியா ஸ்டெல்லரியானா என்று ஒன்று இருக்கிறது. ஆர்ட்டிமீசியாவாக இருந்தும் அதற்கு வாசம் மிகக் குறைவு. வெளிநாட்டுத் தோட்டக் கடைகளில் அதையும் டஸ்டி மில்லர் என்றே விற்கிறார்கள். சென்டாரியா சினரேரியா என்ற மூன்றாவது செடிக்கும் அதே பெயர். இலையைப் பார்த்து இவற்றைப் பிரிப்பது எனக்கே சிரமம். பூ வந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஜாகோபியாவில் சின்னச் சாமந்திபோல் சுற்றிலும் இதழ் வைத்த மஞ்சள் பூ. ஆர்ட்டிமீசியாவில் இதழே இல்லாத குட்டி மொட்டுகள், தலை குனிந்து தொங்கும். அவை காற்றில் மகரந்தம் பரப்புகிறவை, பூச்சியைக் கூப்பிட இதழ் தேவையில்லை. சென்டாரியாவில் இளஞ்சிவப்பு, ஊதாக் குஞ்சம். ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக நீலமும் இளஞ்சிவப்பும் அடுக்கியிருக்கும் ‘சினரேரியா’ இவை எதுவும் இல்லை. அது கேனரித் தீவுகளிலிருந்து வந்த பெரிகாலிஸ், பச்சை இலை.

நம் சமவெளித் தோட்டங்களில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம் வேறொன்று. விஷ்ணுகிராந்தி என்று சொல்லி விற்கும் நீலப்பூத் தொட்டி. ‘புளூ டேஸ்’ என்று கேட்டாலும் அதே தொட்டியைத்தான் தருவார்கள். அது பிரேசிலிலிருந்து வந்த எவால்வுலஸ் குளோமரேட்டஸ். மருந்துக்குச் சொல்லப்பட்ட விஷ்ணுகிராந்தி எவால்வுலஸ் அல்சினாய்டஸ். ஒரே பேரினம், இரண்டிலும் பட்டுச் சுணை, இரண்டிலும் நீலப் பூ, ஏமாறுவது இயல்பு. நம்முடையது தரையோடு படரும் மெலிந்த செடி. பூ சட்டைப் பொத்தான் அளவுகூட வராது, நூல் போன்ற காம்பின் நுனியில் நிற்கும். பிரேசில்காரி தடித்த தண்டு, பெரிய இலை, ரூபாய் நாணய அளவுப் பூ. அது கிளை நுனியில் இலையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், காம்பு தெரியாது. காம்பைப் பார்த்தாலே போதும். நர்சரிச் செடியில் கேடு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றின் மருத்துவக் குணத்தை மற்றதன் தலையில் ஏற்றிக் காய்ச்சிக் குடிப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நிஜ விஷ்ணுகிராந்தி மழைக்குப் பிறகு புல்தரையிலும் வறண்ட மேட்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது; காலையில் போய்த் தேட வேண்டும், மதியத்துக்கு மேல் பூ மூடிவிடும்.

லாவெண்டர் ஆசையில் ஏமாறுகிறவர்களும் நிறைய. சென்னை, கோவைச் சாலைத் தடுப்புகளிலும் அடுக்குமாடி வாசலிலும் வேலியாக வைக்கும் சாம்பல் இலைப் புதர் ஒன்று மழை பெய்த நாலைந்து நாளில் உடம்பெல்லாம் ஊதாவாகப் பூக்கும். அது டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்து லியூகோஃபில்லம். இலைக்கு லாவெண்டர் வாசம் கிடையாது, தண்டு சதுரமும் இல்லை. உண்மை லாவெண்டரின் நீண்ட மெல்லிய இலை ரகம் நம் சமவெளி வெயிலில் தாங்காது. ஓரத்தில் பல் பல்லாக வெட்டுள்ள லாவண்டுலா டென்டேட்டா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கோடை முடியும்வரை உயிரோடு இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டக் கடையில் ‘கறி பிளாண்ட்’ என்று பெயர்ச்சீட்டு தொங்கும் வெள்ளைச் செடி கறிவேப்பிலை இல்லை. அது மத்தியதரைக் கடலோரத்து ஹெலிகிரைசம் இட்டாலிகம், சூரியகாந்திக் குடும்பம். வெயிலில் அதன் பக்கம் நின்றால் மசாலாப் பொடி வாடை அடிக்கும் என்பதால் அந்தப் பெயர். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்து மரம், கூட்டிலை, பளபளக்கும் கரும்பச்சை. ஊசி ஊசியாக வெள்ளை இலை பார்த்தும் தாளிக்க வாங்கினால் ரசம் கசக்கும், அவ்வளவுதான்.

ஆபத்து என்று பார்த்தால் இரண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, இன்று இந்தியா முழுக்கப் படர்ந்த களை. இளம் பயிராகத் தரையில் விரிந்து கிடக்கும்போது அதன் இலையும் பொடியாக வெட்டுப்பட்டு, மெல்லிய சுணையோடு சற்றே சாம்பலாக இருக்கும். காலிமனையில் மாசிபத்திரி முளைத்திருக்கிறது என்று வேரோடு பிடுங்கிவந்து தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தேடிக்கொள்கிறவர்கள் உண்டு. பார்த்தீனிய இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்காது; கற்பூர வாசம் வராது; வளர்ந்ததும் கடுகளவு வெள்ளைப் பூக்கள் குடை விரிக்கும். சந்தேகம் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

இன்னொன்று மலை ஊர்களுக்கு மட்டும். ஸ்டாக்கிஸ் பைசான்டினா என்ற செடியை ஆட்டுக்குட்டிக் காது என்ற பொருளில் அழைக்கிறார்கள். தடித்த, பஞ்சு பஞ்சான வெள்ளை இலை, குழந்தைகளுக்குத் தடவிப் பார்க்கக் கொடுக்கலாம். அதே தோட்டத்தில் ஃபாக்ஸ்கிளவ், அதாவது டிஜிட்டாலிஸ், பூக்காத முதல் வருஷத்தில் தரையோடு சாம்பல் பச்சை இலைகளை வட்டமாக விரித்து உட்கார்ந்திருக்கும். இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சின் இந்தப் பேரினத்திலிருந்து வந்தது; சில இலைகள் உள்ளே போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும். இலையைத் திருப்புங்கள். ஃபாக்ஸ்கிளவ் அடிப்பக்கம் நரம்புகள் வலையாகப் புடைத்திருக்கும், இலையின் விளிம்பு காம்பின் இரு பக்கமும் இறங்கி வரும், கைக்குச் சொரசொரப்பு. ஆட்டுக்குட்டிக் காதில் நரம்பே தெரியாத அளவுக்குக் கம்பளி மூடியிருக்கும், எழும்பும் தண்டும் சதுரம்.

டஸ்டி மில்லரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தூக்கிப் போட வேண்டாம். ஆடுமாடு மேயாத இடத்தில், வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் அல்லது பெர்லைட், காலை வெயில், தலையில் ஊற்றாமல் வேரில் தண்ணீர். நிழலில் வைத்தாலும் உரம் அதிகமானாலும் பச்சை கட்டும். குன்னூரில் வருஷக்கணக்கில் இருக்கும். நீங்கள் சமவெளிக்குக் கொண்டுபோயிருந்தால் வடகிழக்குப் பருவமழையில் அழுகிப் போக வாய்ப்பு அதிகம், கூரைக்கு அடியில் ஒதுக்குங்கள்.

நான் சொல்வதும் எழுத்தில் வந்த குறிகளை வைத்துத்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, 1955 முதல் இயங்குவது; அங்கே உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையும் போதும். ஒரு சாண் நீளக் கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். ஓர் இலையையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். எங்கே வாங்கியது, என்ன உயரம், வாசம் உண்டா என்று ஒரு சீட்டில் எழுதி இணையுங்கள். உலர்ந்த கிளையில் வாசத்தைத் தேட முடியாது. கிளையில் பூ இருக்க வேண்டும். இலை அழகு கெடும் என்று டஸ்டி மில்லரின் மொட்டைக் கிள்ளிவிடுவது தோட்டக்காரர் வழக்கம். இந்த ஒரு தடவை கிள்ளாமல் விட்டுவிடுங்கள்.